ஏமாற்றியவனுக்கு என்ன பெயர்?

கதை எழுதுகிறவனுக்கு மனு எழுதவும் தெரியும் என்று கிராமங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையின் பேரில்தான் சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் அத்தை போன் செய்து என்னைக் காவாந்தண்டலத்துக்கு வரவழைத்தாள். உத்திரமேரூரைச் சேர்ந்த, செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம் அது. சீட்டுப் பணம் போய்விட்டது. போலீசுக்குப் புகார் எழுத வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கும்போது வெளியாளிடம் எதற்குப் போக வேண்டும் என்பது அவளுடைய நியாயம்.

திண்ணையில் உட்கார்ந்து, ஊர், பெயர், தேதி எல்லாம் எழுதிவிட்டேன். 'மேற்படி நபர் ஒரு' என்று தொடங்கிய வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது. மேற்படி நபர் ஒரு என்ன? திருடனா, மோசடிக்காரனா, ஏமாற்றுக்காரனா, நம்பிக்கைத் துரோகியா? இருபது வருஷமாகத் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன், ஒரு மனிதனுக்குச் சரியான பெயர் கிடைக்காமல் அரைமணி நேரம் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. 20 பேர், 20 மாதம், கழிவு போக மாதம் 5,000 ரூபாய்க்குள் கட்ட வேண்டும். அத்தை பால் விற்ற காசில் 17 மாதம் கட்டியிருக்கிறாள். பேத்தியின் படிப்புக்குக் கடைசியில் தள்ளாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாதம்கூட ஏலம் கேட்கவில்லை. பதினெட்டாம் மாதம் சீட்டு பிடித்தவர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவர் நேற்று வந்த ஆள் அல்ல. 11 வருஷமாக அதே தெருவில் சீட்டு நடத்தி, ஒரு தவணை பிசகாமல் பணம் கொடுத்தவர். அவர் மகள் கல்யாணத்துக்கு அத்தை போய் மொய் எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

நான் 'மோசடிக்காரர்' என்று எழுதப்போனேன். அத்தைக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பதினோரு வருசம் ஒழுங்கா குடுத்தானேப்பா, அப்பவும் மோசடிக்காரன்தானா?" என்றாள்.

"சரி, திருடன் என்று எழுதட்டுமா?"

"திருடன் ராத்திரியிலே சொல்லாம வருவான். இவனை நானே பகல்லே கூப்ட்டு, காபி குடுத்து, பணத்தையும் எண்ணிக் குடுத்தேன்."

இதைவிட நல்ல இலக்கிய விமரிசனத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை. ஏனென்றால் இதே விஷயத்தை, வேறு பாஷையில், ஒரு வாசகர் எனக்கு முன்பே எழுதியிருந்தார். சீட்டு நடத்தி ஓடிப்போகும் ஒரு மனிதனைப் பற்றி நான் ஒரு கதை எழுதி, அது ஓரளவு பேரும் வாங்கியது. அந்த வாசகர் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று கடிதத்திலிருந்து தெரிந்தது. 'உங்கள் கதாபாத்திரம் கான்ஃபிடென்ஸ் மேனா, ஸ்விண்ட்லரா, எம்பெஸ்லரா? மூன்றும் ஒன்று என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் ஆள் பிடிபடவில்லை' என்று கேட்டிருந்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இப்படிப்பட்ட கடிதம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. பதில் எழுதவில்லை. திண்ணையில் பேனா நின்றபோதுதான் அந்தக் கடிதத்தின் நியாயம் விளங்கிற்று.

இந்த ஆங்கில வார்த்தைகளைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். 1849-ல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ஸன் என்று ஒருவன் பிடிபட்டான். நன்றாக உடுத்திக்கொண்டு, தெருவில் போகும் கனவான்களிடம் பழகியவன்போலப் பேசுவான். 'நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் விட்டுவைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா?' என்று கேட்பான். கேட்டவர்களில் சிலர் கழற்றிக் கொடுத்தார்கள்! பத்திரிகைகள் அவனுக்குக் கொடுத்த பெயர்தான் 'கான்ஃபிடென்ஸ் மேன்'. எட்டு வருஷம் கழித்து, 1857-ல், ஹெர்மன் மெல்வில் அதே பெயரில் ஒரு நாவல் எழுதினார். இந்த மனிதனுக்குப் பொருள் கடிகாரம் அல்ல, நம்பிக்கை. முதலில் அதை வாங்கிக்கொள்கிறான், பிறகு கடிகாரம் தானாக வருகிறது.

'ஸ்விண்ட்லர்' ஜெர்மன் பாஷையிலிருந்து வந்த சொல். தலைசுற்றல் என்ற பொருள் அதன் அடியில் இருக்கிறது. பெரிய திட்டங்களைச் சொல்லிக் கேட்கிறவனுக்குத் தலையைச் சுற்ற வைக்கிறவன். 'மவுண்ட்பேங்க்' என்பவன் இத்தாலியச் சந்தைகளில் பெஞ்சின்மேல் ஏறி நின்று மருந்து விற்றவன். சொல்லுக்கே 'பெஞ்சில் ஏறு' என்பதுதான் அர்த்தம். 'சார்லட்டன்', 'க்வாக்' இருவரும் அவனுக்கு உறவினர்கள்: இல்லாத வித்தையை இருப்பதாகச் சொல்கிறவர்கள். 'இம்போஸ்டர்' இன்னொருவன் பெயரில் வருகிறவன். 'எம்பெஸ்லர்' தன்னை நம்பி ஒப்படைத்த பணத்தில் கைவைத்தவன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 'சீட்' என்ற சொல்லின் கதை. வாரிசில்லாதவன் சொத்து அரசனைச் சேரும் என்ற பழைய ஆங்கிலச் சட்டத்துக்கு 'எஸ்சீட்' என்று பெயர். அதை வசூலிக்கப் போன அதிகாரிகள் வாரிசு உள்ள சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஜனங்கள் சட்டத்தின் பெயரையே ஏமாற்றுவதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். நம் ஊர்ச் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒலி ஒற்றுமை தற்செயல்தான்.

இந்த வார்த்தைகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் கெட்டவன், மிகக் கெட்டவன் என்ற அளவு வித்தியாசம் அல்ல என்று தெரிகிறது. பொய் எப்போது பிறந்தது என்பதுதான் வித்தியாசம். தாம்ஸனிடம் பொய் கனவானைப் பார்ப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. எம்பெஸ்லரிடம் பணம் வரும்வரை பொய்யே இல்லை. வந்த பிறகு, ஏதோ ஓர் இரவில், பிறக்கிறது. சார்லட்டனிடம் அது எப்போது பிறந்தது என்று அவனுக்கே தெரியாது. தன் லேகியத்தைத் தானே பாதி நம்பிவிட்ட வைத்தியனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

தமிழில் நாம் என்ன செய்கிறோம்? பத்திரிகைச் செய்தியானாலும், மொழிபெயர்ப்பு நாவலானாலும், சினிமா வசனமானாலும் இத்தனை பேரையும் 'ஏமாற்றுக்காரன்', 'மோசடிப் பேர்வழி' என்ற இரண்டு சாக்குகளில் போட்டுக் கட்டிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன்.

தமிழ் ஏழை பாஷை என்று சொல்ல வரவில்லை. ஏமாற்று வித்தையைப் பற்றி நம்மிடம் இருக்கும் வழக்குகளுக்குக் குறைவே கிடையாது. நெற்றியில் நாமம் போடுகிறார்கள். தலையில் மிளகாய் அரைக்கிறார்கள். காதில் பூச்சுற்றுகிறார்கள். கண்ணில் மண்ணைத் தூவுகிறார்கள். வாயில் அல்வா கொடுக்கிறார்கள். வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நெற்றி, தலை, காது, கண், வாய் எல்லாமே ஏமாந்தவனுடையவை. போட்டவன், அரைத்தவன், சுற்றியவன் யார் என்பது வாக்கியத்தில் எங்கோ ஓரத்தில் நிற்கிறது. நடுவில் நாமத்தோடு நிற்பவன் ஏமாந்தவன்தான். அவனைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். ஆங்கிலத்திலும் கண்மேல் கம்பளியை இழுப்பது போன்ற வழக்குகள் உண்டு. ஆனால் அங்கே அதற்குப் பக்கத்தில், ஏமாற்றியவனை இன்ன ரகம் என்று பிரித்துச் சொல்லும் பெயர்கள் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன.

நம் வினைச்சொல்லே சாட்சி. 'ஏமாறு' என்பதுதான் அடிச்சொல். 'ஏமாற்று' அதிலிருந்து வந்த பிறவினை. அதாவது வாக்கியத்தின் முதல் எழுவாய் ஏமாந்தவன். 'நான் ஏமாந்துட்டேன்' என்று அத்தை சொல்லும்போது அந்த வாக்கியத்தில் சீட்டு பிடித்தவர் இல்லவே இல்லை. தப்புச் செய்தவள் தான்தான் என்ற குரலில்தான் அவள் அதைச் சொன்னாள். தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் பணம் போயிருக்கிறது. நால்வரும் புகார் கொடுக்க வரவில்லை. பணம் போனதைவிட, ஏமாளி என்ற பெயர் வந்துவிடுமே என்பது அவர்களுக்குப் பெரிய பயம். ஏமாற்றியவனுக்குப் பெயர் வைக்கத் தயங்கும் ஊரில், ஏமாந்தவனுக்கு மட்டும் பெயர் தயாராக இருக்கிறது.

பெயர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. எடுத்துப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். 'எத்தன்' என்றால் சாமர்த்தியத்தால் ஏமாற்றுகிறவன். தாம்ஸனுக்கு நன்றாகப் பொருந்தும். ஆள்மாறாட்டம் இம்போஸ்டரின் தொழில். 'கையாடல்' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். பணப்பெட்டியின்மேல் கை சற்றே ஆடுகிறது, அவ்வளவுதான்! எம்பெஸ்லருக்கு ஆங்கிலத்தில்கூட இவ்வளவு அழகான படம் இல்லை. 'வேடதாரி' இன்னும் விசேஷம். ஆங்கிலத்தில் 'ஹிப்போக்ரிட்' என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் நாடக மேடை நடிகன் என்று பொருள். கிரேக்கனும் தமிழனும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே மேடைக்குப் போய் ஒரே உவமையை எடுத்து வந்திருக்கிறார்கள்.

திருவள்ளுவரும் கலந்து கட்டவில்லை. துறவி வேஷத்தில் உலகத்தை ஏய்க்கிறவனுக்குக் 'கூடாவொழுக்கம்' என்று 28-ஆம் அதிகாரம். புலித்தோல் போர்த்துக்கொண்டு மேயும் பசுவையும், புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனையும் அங்கேதான் வைக்கிறார். பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள நினைப்பவனுக்குக் 'கள்ளாமை' என்று அடுத்த அதிகாரம். 'வாய்மை' அதற்கும் அடுத்தது. மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஆனால் வாசல் வேறு வேறு.

இதெல்லாம் அகராதிக்காரர்களுக்கு வேலை, அத்தைக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. வக்கீல் நண்பர் ஒருவருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பணம் வாங்கும்போதே ஓடிப்போகிற எண்ணம் இருந்ததா, பிறகு வந்ததா?" என்பதுதான். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதல் ஒரு குற்றம், நம்பிக்கை மோசடி வேறு குற்றம், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் இன்னொன்று. ஏமாற்றி ஒருவர் பொருளைக் கொடுக்கும்படி செய்ததற்கான 420-ஆம் பிரிவு, நாடெங்கும் வசவாகவே மாறிப் போயிற்று. 1955-ல் ராஜ் கபூர் அதைப் படத்துக்கே பெயராக வைத்தார். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. நம்பிக்கை மோசடிக்கு 316, ஏமாற்றுதலுக்கு 318, ஆள்மாறாட்டத்துக்கு 319 என்று எண்கள் மாறின, பாகுபாடு மாறவில்லை. 2024 ஆகஸ்டில் டில்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஏமாற்றுதலுக்கு ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். நம்பிக்கை மோசடியில் பொருள் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டுப் பிறகு கெடுகிறது. ஒரே சம்பவம் ஒரே சமயத்தில் இரண்டுமாக இருக்க முடியாது.

இரண்டும் இல்லாமல் வெறும் நஷ்டமாகவும் இருக்கலாம். கையில் வாங்கிய பணம் வியாபாரத்தில் போயிற்று, கொடுக்க முடியவில்லை என்றால் அது கடன். சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். "சீட்டு பதிவு செய்ததா?" என்றும் வக்கீல் கேட்டார். இல்லை. 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் சீட்டு நடத்துவதே குற்றம். அதையும் தனியாக எழுதச் சொன்னார். எழுதப்போகிற ஒரு வார்த்தையில் அத்தையின் 17 மாதப் பாலும் எந்த வழியில் போகும் என்பது இருக்கிறது.

சென்னைப் பட்டணமே ஒருமுறை இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் கம்பெனி கதவை மூடிற்று. தலைமுறை தலைமுறையாக நடந்த வெள்ளைக்காரக் கம்பெனி. பெரிய மனிதர்களும், சிறுகச் சேர்த்தவர்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் கைதாகி, குற்றவாளி என்று தீர்ப்பாகி, 18 மாதத் தண்டனை பெற்றார். டெபாசிட்காரர்களுக்காக வழக்காடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியவர்கள் முன்னின்று தொடங்கிய இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15-ல் திறந்தது.

சர் ஜார்ஜ் அர்பத்நாட் தாம்ஸனைப் போலத் தெருவில் நின்று கடிகாரம் கேட்டவர் அல்ல. அந்தக் கம்பெனி ஒழுங்காக வட்டி கொடுத்த வருஷங்கள் உண்டு. எந்த நாளில் பெட்டி காலியாயிற்று, எந்த நாளில் அது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது, தெரிந்த மறுநாள் காலையில் முதல் டெபாசிட்டை யார் கைநீட்டி வாங்கினார்கள்? அந்த மறுநாள் காலையில்தான் ஒரு வியாபாரி வேறு பெயருக்கு உரியவன் ஆகிறான். நாவலாசிரியனுக்கு வேண்டியதும் அந்தக் காலைதான்.

என் கதையில் அந்தக் காலை இல்லை. முதல் பக்கத்திலேயே அவன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வருகிறான். வாசகனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, பாத்திரங்களுக்கு மட்டும் தெரியவில்லை. அதனால் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அசடுகளாகத் தோன்றுகிறார்கள். நானும், நெற்றியில் நாமம் போட்டுவிட்டுச் சிரிக்கும் வேலையைத்தான் செய்திருக்கிறேன். பொய் பிறந்த இடத்தைத் தவறாக எழுதினால், ஏமாந்தவர்களையும் தவறாகத்தான் எழுத முடியும். ஆங்கில ஆசிரியர் ஆள் பிடிபடவில்லை என்றது மிகவும் சரி. அவர் தயவாக அத்தோடு விட்டுவிட்டார்.

நான் வக்கீலோடு பேசி முடித்ததும் அத்தை கேட்டாள்: "என்னப்பா, பேரு கெடச்சுதா?"

"அவர் மனசில் எப்போது கெட்ட எண்ணம் வந்தது என்று தெரிந்தால்தான் பெயர் வைக்கலாமாம்."

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்? கணக்குக் காட்டலைன்னு எழுது. இருவது பேர் கிட்ட எவ்வளவு வாங்கினான், யாருக்குக் குடுத்தான், மிச்சம் எங்கே போச்சு? அதைச் சொல்லட்டும். அப்புறம் என்ன பேர் வெக்கறதுன்னு பாத்துக்கலாம்."

அப்படியே எழுதினேன். திருடன், மோசடிக்காரன் எல்லாம் போயிற்று. இன்ன தேதியில் இவ்வளவு வாங்கினார், கேட்டபோது கணக்குக் காட்டவில்லை, இன்ன தேதியிலிருந்து வீடு பூட்டியிருக்கிறது, சீட்டு பதிவு செய்யப்படவில்லை. இரண்டு பக்கம். அத்தை கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் உத்திரமேரூருக்குப் போனபோது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களைப் பார்க்க நேரம் இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921-ஐச் சேர்ந்தது. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்ததுதான்: 30 குடும்பு, 35-லிருந்து 70 வரை வயது, ஓலையில் பெயர், குடம். யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்ற பட்டியலைத்தான் இந்தமுறை கவனித்தேன். பிறர் பொருளை அபகரித்தவன் அதில் ஒருவன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வேறொருவன். இரண்டும் தனித்தனி. கணக்குக் காட்டாதவனோடு, அவன் உறவினர் இன்னின்னார் என்று முறை சொல்லி அவர்களையும் விலக்குகிறார்கள். உறவினரைத் தண்டிக்கும் நியாயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சபையார் அவன் மனசுக்குள் புகுந்து பார்க்கவில்லை. திருடன் என்று அவசரப்பட்டுப் பட்டம் கட்டவுமில்லை. கணக்கு வந்ததா, வரவில்லையா என்று கேட்டார்கள். ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, சில மைல் தூரத்தில், பால் விற்கும் ஒரு கிழவி அதையேதான் கேட்டாள்.

ஆங்கில ஆசிரியருக்குப் பதில் எழுதிவிட்டேன். தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். மனுவின் நகலைப் பார்த்துவிட்டு அந்த நான்கு வீடுகளில் இரண்டு வீட்டார், "இது ஏமாந்த கதை மாதிரி இல்லையே, நாங்களும் போடுகிறோம்" என்று வந்தார்கள். அவர்களுக்கும் எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, பணம் வருமா என்று சொல்வதற்கில்லை. கதையை முதலிலிருந்து திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் இப்போது முதல் பக்கத்தில் சீட்டு பிடிப்பவர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு ரூபாய் விட்டுப்போகாமல், கணக்கு எழுதுகிறார்.